கடை யாருடையது?

குடும்பத் தொழிலில் முதலாளியின் பிள்ளைக்கு வேலை குறைவு என்றொரு நம்பிக்கை எல்லாக் கண்டங்களிலும் நிலவுகிறது. உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை இது. அரபு மக்கள் வாழும் நாசரேத்தில் காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் கடையொன்றில் பதினோரு ஆண்டுகள் முதலாளியின் மகளாக இருந்த ஸுஹாவைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வாள். கேட்கும்போது அவள் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் அவள் ஏலக்காய் டப்பாவை மூடினாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அப்பா, இனிமே என்னால முடியாது. நின்னுக்கறேன்."

"பெருநாள் முடியட்டும்மா."

"எந்தப் பெருநாள்?"

எந்தப் பெருநாள் என்று அவருக்கும் தெரியாது.

அவரை ஊரில் அபூ ஷாதி என்பார்கள், ஷாதியின் அப்பா என்று. ஷாதி ஜெர்மனியில் பல் மருத்துவன். அப்பாவுக்கு அவன் கொடுத்தது பெயர் மட்டும். மற்றதெல்லாம் ஸுஹா.

வேலையை விட்டவர்களுக்கும் இழந்தவர்களுக்கும் அரசு ஆறு மாதம் உதவித்தொகை தரும். முதல் மாதம் தூங்குவது, மற்ற நான்கில் என்ன செய்வதென்று இரண்டாம் மாதம் யோசிப்பது. இதுதான் ஸுஹாவின் திட்டம். ஆனால் உறவினரிடம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் ஒரு விசாரணை உண்டு. நீ சம்பளத்துக்கு இருந்தவளா, கடைக்குச் சொந்தக்காரியா? முன்னது என்றால் பணம் வரும். பின்னது என்றால் வீட்டுக்குப் போகலாம்.

இதில்தான் சிக்கல். அந்த ஊரில் ஒருவருடைய பொருளை யாராவது பாராட்டினால் உடனே அதை விட்டுக்கொடுத்துப் பேசுவது மரியாதை. அபூ ஷாதியிடம் அதற்கு ஒரே வாக்கியம்தான்: "கடை இவளுது, நான் கூலிக்காரன்." வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். மகள் விடுமுறை கேட்டபோதெல்லாம் அதே வாக்கியம்தான் கிடைத்தது. முதலாளி யாரிடம் விடுமுறை கேட்பது?

முதலாளி என்ற முறையில் அபூ ஷாதியையும் விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். உதவித்தொகை அலுவலகப் படியேறும்போது ஸுஹா சொன்னாள். "அப்பா, கடை என்னுதுன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

உள்ளே, நிவீன் என்ற அதிகாரி நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க அபூ ஷாதி. எங்க வீட்டுல உங்க காப்பிதான். வேற கடைக் காப்பிய என் மாமியார் வாயில வைக்க மாட்டாங்க."

அபூ ஷாதியின் கை பணிவோடு, தானாக நெஞ்சுக்குப் போனது.

"எல்லாம் இவ கைப்பக்குவம்மா. கடையே இவளுது. நான் வெறும் கூலிக்காரன்."

நிவீனின் விரல்கள் தட்டச்சில் ஓடின. ஸுஹா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடை மகளுக்குச் சொந்தம்னு சொல்லிட்டீங்க. அப்ப உதவித்தொகை கிடையாது."

"ஐயோ! அது பேச்சுக்குச் சொன்னது. அழிச்சிடும்மா."

"சொன்னத அழிக்க முடியாது. மேல ஏதாவது சொன்னீங்கன்னா சேத்துக்கறேன்."

"போதும்ப்பா. வாங்க போலாம்," என்றாள் ஸுஹா. கோபம்கூட இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டும்.

அபூ ஷாதி எழுந்திருக்கவில்லை.

"கேளும்மா, என்ன வேணும்னாலும் கேளு."

"சொந்தக் கடைன்னா நெனச்சப்போ லீவு போட்டிருப்பாங்களே?" என்றாள் நிவீன்.

"போட்டதில்ல."

"ஏன்?"

"நான் விடல." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஹைஃபாவுல இவ சிநேகிதிக்குக் கல்யாணம். போகணும்னா. நோன்பு நேரம், கூட்டம் நெறையன்னேன். இன்னொரு தரம் காய்ச்சல்னா. சரி, நிக்காத, உக்காந்துகிட்டே பொட்டலம் கட்டுன்னேன்."

நிவீன் தட்டிக்கொண்டே இருந்தாள். "வேற?"

"ஒரு நாள் இவளப் பொண்ணு பாக்க வந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து மூட்டை வந்து எறங்குச்சு. அரை மணி நேரம் வந்துட்டுப் போன்னு கூப்பிட்டேன். இவ திரும்பிப் போறதுக்குள்ள அவங்க காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க."

ஸுஹா கண்ணைத் திறந்தாள்.

"இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இருக்கும்மா. இல்லாத மாதிரி இருந்தாத்தான் கட நடக்கும்."

நிவீன் திரையில் இருந்ததை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள்.

"கடைசியா ஒண்ணு," என்றாள் நிவீன். "உங்கள வேலைய விட்டுத் தூக்கற அதிகாரம் இவங்களுக்கு இருந்துச்சா?"

"இருந்திருந்தா எப்பவோ தூக்கியிருப்பா."

நிவீன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அப்ப வேலையாள்னு போட்டுக்கவா?"

"ரொம்பக் கஷ்டப்பட்ட வேலையாள்னு போடும்மா."

"அதுக்குத் தனியாக் கட்டம் இல்ல, அபூ ஷாதி."

அவர் கையெழுத்துப் போட்டார். இருவரும் படியிறங்கினார்கள். பாதியில் மூச்சு வாங்கி அவர் நின்றபோது ஸுஹாவும் நின்றாள்.

மூன்று வாரத்தில் உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுக் கடிதம் வந்தது. அப்போது ஸுஹா தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் எழுப்பவில்லை.

அன்று மாலை கடைக் கண்ணாடியில் ஓர் அட்டை தொங்கியது. 'வேலைக்கு ஆட்கள் தேவை. வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு.' எத்தனை பேர் என்ற இடத்தில் 'இருவர்' என்று எழுதி, அடித்து, 'மூவர்' ஆக்கப்பட்டிருந்தது.