வழக்குக்குப் போன ஆர்மோனியம்

சண்டிலிப்பாயில் பஞ்சலிங்கம் மாஸ்டரின் சங்கீத கலாலயத்து ஆர்மோனியப் பெட்டி களவு போன அன்று, அயலிலுள்ள பசுக்களெல்லாம் ஒரு போத்தல் பால் கூடுதலாகத் தந்தன என்று ஒரு கதை.

மாஸ்டருக்கோ பாதி உயிர் போய்விட்டது. இந்தியச் சாமான்கள் இறங்காத காலம். புதுப் பெட்டிக்கு வழியில்லை. பெட்டி இல்லாமல் அவருக்குச் சுருதி பிடிபடாது. புதுப் பிள்ளைகள் சேரும் விஜயதசமியும் கிட்டிவிட்டது. அதற்குள் பெட்டி வராவிட்டால் கலாலயத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.

பொலிஸ் அதிகம் அலையவில்லை. பக்கத்து வளவு நமசிவாயத்தாரின் விறாந்தையில், கலாலயத்தின் பெயர் வெள்ளைப் பெயின்றில் பளிச்சென்று தெரியப் பெட்டி இருந்தது. மேலே ஒரு சாக்கு. அதுவும் பாதியைத்தான் மூடியது.

நமசிவாயத்தார் நீதவான் கோட்டில் உத்தியோகம் பார்த்துப் பென்சன் எடுத்தவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு நித்திரை, அதுதான் அவருக்குச் சொர்க்கம். மாஸ்டரின் வகுப்பும் சரியாக அந்த நேரந்தான் தொடங்கும்.

“களவெடுக்கவும் மூளை வேணும், ஐசே!” என்று மாஸ்டர் சிரித்தார்.

“பெட்டி கிடைச்சிட்டுதுதானே, மாஸ்டர். சமாதானமாப் போங்கோவன்,” என்றார் பொலிஸ்காரர்.

மாஸ்டர் பெட்டியைத் தடவியபடி யோசித்தார்.

“ஓமோம், சமாதானமாத்தான் போவார்,” என்றார் நமசிவாயத்தார். “கோட்டுப் படி ஏற உவருக்கு எங்காலை துணிவு?”

“போடுங்கோ கேஸை!” என்று மாஸ்டர் போட்ட சத்தம் சங்கானைச் சந்தைவரை கேட்டது. அது மட்டும் சுருதி தப்பவில்லை.

கோட்டில் நமசிவாயத்தார் கூசாமல் சொன்னார்: “பெட்டி என்ரை. இவருக்கு இரவல் குடுத்தனான்.”

“அப்ப அதிலை ஏன் கலாலயத்தின்ரை பேர்?” என்று நீதவான் கேட்டார்.

“இரவல் வாங்கினவர் எழுதிப்போட்டார், ஐயா.”

சனம் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். பெட்டி யாருடையதென்று தீரும்வரை அது கோட்டு அறையில் இருக்கட்டும் என்று நீதவான் வழக்கை வேறு நாளுக்குத் தவணை போட்டார். அடுத்த தவணைக்கு நமசிவாயத்தாருக்காக வழக்குப் பேசும் அப்புக்காத்துக்குக் காய்ச்சல். அதற்கடுத்த தவணைக்கு அவருடைய சாட்சிக்கு ஒரு கலியாணவீடு. விஜயதசமி வந்து போனது. இருந்த பிள்ளைகளும் மானிப்பாய்ப் பக்கம் வேறு வகுப்புப் பார்த்துப் போய்விட்டார்கள்.

“மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணப்போறீர், தெரியுமோ?” என்று மாஸ்டர் ஒரு மத்தியானம் வேலிக்கு மேலால் கேட்டார்.

சாய்மனைக் கதிரையில் நமசிவாயத்தார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “மெல்லக் கதையும், மாஸ்டர். நித்திரை வருது.”

வழக்குச் சாமான்கள் போடும் அந்தக் கோட்டு அறையின் பூட்டுத் திறப்பைப் பென்சன் எடுக்கும்வரை இடுப்பில் செருகித் திரிந்தவர் நமசிவாயத்தார்தான். உள்ளே போன சாமான் ஒன்று முழுசாக வெளியே வந்ததை அவர் ஒருநாளும் கண்டதில்லை.