வீரத் தழும்புக்கு மூன்று வைத்தியம்

“மூணு வழி இருக்கு சார். ஊசி போடலாம், சிலிக்கான் ஷீட் ஒட்டலாம், இல்லேன்னா நைட்ரஜன் வச்சு உறைய வைக்கலாம். எதுக்கும் கத்தி வேண்டாம்” என்றார் டாக்டர் ஹில்டா.

கஸ்தூரிரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அஸ்தினாபுரம் காலனி நலச்சங்கத்தின் செயலாளர் அவர். மூன்று டெண்டர் பார்க்காமல் சங்கத்துக்கு ஒரு விளக்குமாறுகூட வாங்கியதில்லை.

இடது முன்கையில் தழும்பு புடைத்துப் பளபளத்து, நண்டு மாதிரி நாலு பக்கமும் கால் விட்டிருந்தது. தீர்மானம் வாசிக்க எழுந்தால் போதும், அரிக்க ஆரம்பித்துவிடும்.

துணைக்கு வந்திருந்த பொருளாளர் முனிரத்தினத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இது சும்மா தழும்பு இல்ல டாக்டரம்மா. தீபாளிக்கு ராக்கெட் வுயுந்து சங்கத்துக் கொட்டாய் பத்திகினு எரியுது. சார் ஒண்டியா உள்ள பூந்து அணைச்சாரு!”

கஸ்தூரிரங்கன் அடக்கமாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். இந்தத் தாழ்த்தலுக்குத்தான் குடியரசு தினத்தன்று பொன்னாடை போர்த்தினார்கள்.

சத்தியமாக அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

அந்தத் தீபாவளி சாயங்காலம் மச்சினர் வீட்டுக்குக் கிளம்புவதற்காக, மனைவி லோகநாயகியின் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் போட்டால் மடிப்பு நிற்காது என்பது அவர் கட்சி. ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் போடுவார்.

பெட்டி நழுவிக் கைமேல் உட்கார்ந்தது.

ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு துடித்தபோது தெருவில் கூச்சல். ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் லாரிக்காரன் தீயை அணைத்து முடித்திருந்தான். புகைக்கு நடுவே கட்டுப்போட்ட கையோடு நின்றவரைப் பார்த்து, மீதிக் கதையைக் காலனியே கட்டிவிட்டது. அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது டெண்டர்களைப் பிரித்தார்.

ஊசி மாதம் ஒன்று, நன்றாக வலிக்கும். படர்ந்ததெல்லாம் அமுங்கி, முதலில் சுட்ட இடம் மட்டும் அச்செடுத்த மாதிரி தெரியும்.

“அச்சுன்னா... ஷேப்பா?” என்றார்.

ஆமாம், ஷேப்தான். சிலிக்கான் ஷீட்டை ராப்பகலாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மெதுவாகப் போனாலும் கடைசியில் அதே ஷேப்புக்குத்தான் வந்து சேரும்.

உறைய வைத்தால் சீக்கிரம் அமுங்கும். ஆனால் சுட்ட இடம் வெளுத்துப்போகலாம்.

மாநிறக் கையில் வெள்ளை முக்கோணம், கூர்மூக்கோடு. அந்த மூக்கைத் தெரியாத வீடு காலனியில் ஏது? பெண்டாட்டி புடவைக்கு இஸ்திரி போடுகிறவனுக்கு அடுத்த தேர்தலில் எவன் ஓட்டுப் போடுவான்?

அரிப்பா, மானமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார்.

“வேண்டாம் டாக்டர். இருந்துட்டுப் போகட்டும்.”

முனிரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா! ஞாபகார்த்தமா வச்சிக்கிறேன்றாரு. சார், நீங்க ஸ்கூட்டராண்ட நில்லுங்க. அரிப்புக்குக் களிம்பாவது எய்தி வாங்கினு வரேன்.”

குரோம்பேட்டை ஸ்டேஷன் ரோட்டு வெயிலில் ஸ்கூட்டரைத் தொட்டபோதுதான், மூக்குக்கண்ணாடியை டாக்டர் மேஜையிலேயே விட்டது உறைத்தது. திரும்பிப் போய்த் திரையை ஒரு விரலால் விலக்கினார்.

நோயாளி நாற்காலியில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேல் சுருண்டிருந்தது. கையில் பிறை போல ஒரு தழும்பு, நன்றாகவே புடைத்திருந்தது. தோசைக்கல்லின் விளிம்பு எங்கே பதிந்தாலும் தோசைக்கல்லின் விளிம்புதான்.

“எனுக்கும் அதே கொட்டாய்தான் டாக்டரம்மா” என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த ஐஸ் வச்சா, ஷேப்பு ரொம்பத் தெரியுமா?”

கஸ்தூரிரங்கன் திரையை விட்டுவிட்டு, ஓசைப்படாமல் வாசல்வரை போனார். ஒரு முழுக்கையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே நின்றார்.

பிறகு, தெருவுக்கே கேட்கும்படி இருமிக்கொண்டு உள்ளே வந்தார்.