ஊதிக் காட்டு

“ஊது.”

“ஊதிட்டேன்.”

“ஏமாத்தாத. என் மூக்குக்கு நேரா ஊது.”

“ஹா…”

“ஐயோ சாமி, நெசந்தான். யாரு குடுத்தா? சொல்லு!”

கேட்டவள் பரிமளா. ஊதியது அவள் மகள் தேவயானி. யூ.கே.ஜி. படிக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது.

பூலாம்பாடிக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டை ஒட்டிய அந்த வீட்டில் கொஞ்ச நாளாகத் தேவயானியின் வாய் நாற்றம்தான் பேச்சு. பரிமளா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள், கிராம்பு மெல்லக் கொடுத்தாள். பெரம்பலூருக்குக் கூட்டிப்போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டதுதான் மிச்சம்.

போதாததற்கு, மறந்துபோயிருந்த பழக்கம் திரும்பி, தினமும் பாயை நனைத்தாள். விளக்கு வைத்த பிறகு பிள்ளைக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது என்று பரிமளா வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இன்றைக்குக் கதிர் ஒடிக்க வந்த பாப்பாயிதான், பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சியவள், சட்டென்று முகத்தைச் சுளித்தாள்.

“இது பல்லு நாத்தம் இல்லடி பரிமளா. அழுவுன பழமாட்டம் குப்புனு அடிக்குது பாரு. எம் வூட்டுக்காரன் வாயில இத மோந்து மோந்தே நான் கெழவியானேன்.”

அதனால்தான் இந்த விசாரணை. தேவயானி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பாதான் குடுத்துச்சு.”

“என்னா குடுத்துச்சு?”

“தண்ணி.”

பாப்பாயி மாரில் அடித்துக்கொண்டாள்.

“எதுலேர்ந்து குடுத்துச்சு?”

“வண்டியில வச்சிருக்குமே, அந்தப் பாட்டில்லேர்ந்து. அம்மாட்ட சொல்லாதன்னுச்சு.”

“கேட்டுக்க. இனிமே அழுவும், கெஞ்சும். குடுத்துராத. ரெண்டு நாள்ல தானா மறந்துரும்” என்றாள் பாப்பாயி.

பரிமளாவின் புருஷன் மணிவேல் ஒரு காலத்தில் குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடந்தவன். ஆடி மாதம் கோயிலில் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்து, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொண்டான். பரிமளாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அவன் தூங்கும்போது குனிந்து மூச்சை முகர்ந்து பார்ப்பாள். ஒன்றும் அடிக்காது. அதில்தான் அவள் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்தியபோது, தகவல் கேட்டு ஓடிவந்த பரிமளாவின் அண்ணன் ஜெயசீலன் வாசலிலேயே நின்றிருந்தான்.

“யோவ், புள்ளைக்குத் தண்ணி குடுத்தியா, இல்லியா?” என்றாள் பரிமளா.

மணிவேல் தலையைக் குனிந்தான். “குடுத்தேன். நீ தூங்குனப்புறம் வந்து கெஞ்சுது. மனசு கேக்கல.”

ஜெயசீலன் ஓங்கி அறைந்தான். “பெத்த புள்ளையவே கெடுக்குறியே, நீயெல்லாம் மனுசனாடா?”

“அதுக்கா மச்சான் அடிக்கிறீங்க?”

அந்தக் கேள்வியைத்தான் பரிமளாவால் தாங்க முடியவில்லை. களத்தில் கிடந்த அரிவாளை எடுத்து வந்து, அவன் கையைப் பிடித்து இழுத்து, கயிற்றை அறுத்து வீசினாள். “இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கெணத்துல எறங்கிருவேன்!”

அவன் ஒன்றும் புரியாதவனாக மணிக்கட்டைப் பார்த்தான். கயிறு இருந்த இடத்தில் வற்றிய ஓடையின் தடம் போல ஒரு வெளுத்த கோடு இருந்தது. அதைத் தடவிக்கொண்டே ரோட்டுக்கு நடந்து போனான்.

இருட்டியதும் பிள்ளை “தண்ணி, தண்ணி” என்று அனத்த ஆரம்பித்தாள். “பழக்கிட்டுப் போயிட்டானே பாவி” என்று பரிமளா அழுதாள். பாப்பாயி சொன்னபடி மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துச் சத்தம் அடங்கியது. மறந்துவிட்டாள் என்று அவளும் கண்ணயர்ந்தாள்.

காலையில் எழுப்பினால் பிள்ளை எழவில்லை. தூக்கத்திலேயே எங்கோ ஓடுகிறவளைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வளர்மதி எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே பரிமளா கொட்டித் தீர்த்தாள். “அவங்கப்பன் சாராயம் ஊத்திட்டான் டாக்டர். வாயி நாறுது பாருங்க.”

டாக்டர் பிள்ளையின் வாயருகே குனிந்தார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். அதைப் பார்த்ததும் நர்ஸைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். இரண்டு கைகளிலும் ஊசி ஏறியது.

அப்போது ஜெயசீலன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். “நான் சொன்னன்ல பரிமளா? கயிறு போனதும் நேரா கடைக்குத்தான் போயிருக்கான். பஸ் ஸ்டாண்டுல சுயநெனவு இல்லாம கெடக்குறான்.”

“பாத்தீங்கல்ல டாக்டர், அந்த ஆளோட லட்சணத்த?”

டாக்டர் பிள்ளையின் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. “சாராயமெல்லாம் இல்லம்மா. பிள்ளைக்கு ரத்தத்துல சர்க்கரை. இந்த வயசுலயும் வரும். முத்திப் போச்சுன்னா வாய் இப்படித்தான் வாடை அடிக்கும். அடிக்கடி ஒண்ணுக்குப் போகும். தாகம் அடங்கவே அடங்காது.”

பரிமளாவின் கண்கள் மகளின் உதட்டில் நின்றன. வெயிலில் கிடந்த சோளத் தோகை மாதிரி அது வெடித்திருந்தது.

“இத்தன நாள் உசுரு நின்னதே, யாரோ விடாம தண்ணி குடுத்ததாலதான்” என்றார் டாக்டர். “எப்பலேர்ந்து, எவ்வளவு குடிச்சுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் கூப்பிடுங்க.”