குழியாடியும் சேவலும்

குப்பைமேட்டை ஆண்டுவந்த சேவல், அங்கே எவரோ சாய்த்து வைத்துவிட்டுப் போன குழியாடியை ஒருநாள் நெருங்கி நின்று பார்த்தது. உள்ளிருந்து தன்னினும் இருமடங்கு பெரிய சேவலொன்று முறைத்தது.

“மேடு இனி அவருக்குத்தான் போலிருக்கிறது,” என்றது அருகில் நின்ற கோழி.

“பொறு. இடம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்,” என்ற சேவல், வைத்த கண் வாங்காமல் பின்வாங்கியது. எதிரி மேலும் பெருத்தது, பிறகு மங்கியது, இறுதியில் தலைகீழாகத் தொங்கியது.

“பார்த்தாயா, என் பார்வைக்கே கவிழ்ந்துவிட்டான்.”

“அப்படியே கிட்டப் போய் ஒரு கொத்து கொத்திவிட்டு வாருங்களேன்.”

“விழுந்தவனை அடிப்பது எங்கள் குலத்தில் இல்லை.”

இக்கதையைச் சேவல் சொன்னால் பின்வாங்கியது ஓரடி. கோழி சொன்னால் பத்தடி. குப்பைமேடு இன்றும் சேவலுடையதுதான். அது பத்தடி தள்ளி நின்று காவல் காக்கிறது. மேட்டில் மேய்வது கோழி.