கிள்ளை வரைக்கும்

சிதம்பரத்தில் அன்று வேலையில் சேரவேண்டிய வெண்மதிக்கு, கடலூரிலேயே ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார் ராஜாமணி மாமா. ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்தவருக்கு அந்த ஊர் ரயில் பேச்சுதான்.

"அங்க துண்டுலாம் செல்லாது. எந்த ஊர்லேந்து எந்த ஊர் வரைக்கும்னு சீட்டுக்கு மேல எழுதி செருகியிருப்பாங்க. அந்த ஊர் வந்தா எழுந்துடணும்."

வெண்மதி அண்ணாந்து பார்த்தாள். ரிசர்வேஷனே இல்லாத அந்தப் பாசஞ்சர் வண்டியில், மாமாவின் தலைக்கு மேல் ஓர் அட்டை இருந்தது: கடலூர் – சிதம்பரம். அவள் தலைக்கு மேலும் ஒன்று: கடலூர் – கிள்ளை.

"நானும் சிதம்பரந்தான மாமா?"

மாமா அட்டையைப் படித்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் அதை உருவிப் பைக்குள் போட்டாள். பரங்கிப்பேட்டையில் நிமிர்ந்து பார்த்தபோது அட்டை மேலேயே இருந்தது.

கிள்ளையில் அவள் வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். அட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் பொறுமையாக நின்றாள்.

"அவசரமில்ல. நீங்க எறங்குனாதான் வண்டி கெளம்பும்."

வண்டி நகரவேயில்லை. வெண்மதி மாமாவைப் பார்த்தாள். மாமா அவள் மடியிலிருந்த பையை எடுத்து, நின்றிருந்த பெண்ணிடம் நீட்டிச் சொன்னார்.

"எவ்ளோ நேரம் நிப்ப? ஒக்காரும்மா வெண்மதி."