தகுதியான ஆள்

"வேலை தேடறவங்க வெப்சைட்ல தேடினதுல முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்காங்க சார்!"

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் சந்தோஷமாகக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள்.

கிடங்குக் கணக்கு பார்க்கும் அக்கா ஆபரேஷனுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வர மாதக்கணக்காகும். 'அந்த இடத்துக்கு நிரந்தரமாக வேறு ஆளைப் போடுங்கள்' என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது.

"இவ்வளவு பேரை வெச்சு ஊர்வலமா போகப்போறேன்? வடிகட்டும்மா," என்றார் மேனேஜர். "பத்து வருஷ அனுபவம் வேணும். 'அண்ட்' போட்டு அதையும் சேரு."

போட்டாள். பதினாலு.

"நடுவுல நீண்ட லீவு எடுத்தவங்க வேண்டாம். 'நாட்' போட்டு அவங்களைத் தள்ளு."

அவளுக்குச் சுருக்கென்றது. அக்கா மாதிரி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எல்லாம் ஆகாதவர்களா? பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். ஆறு.

"அண்ட், சரக்கு தூக்கற போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டத் தெரியணும்."

"கணக்கு எழுதறவருக்கா சார்?"

"போடும்மா."

கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி ஒரே ஒருவர் மிஞ்சினார்.

"ஒருத்தர் இருக்காரா?" மேனேஜரின் முகம் சுருங்கியது. "அண்ட், வயசு இருபத்தஞ்சுக்குள்ள."

அவளுக்குப் பொறுமை போனது. "சார், பதினஞ்சு வயசுலயே வேலைக்குப் போனவங்களை எங்க தேடறது? அண்ட் போட்டா எல்லாமே ஒரே ஆள்கிட்ட இருக்கணும். 'ஆர்' போட்டா ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். நிறைய பேர் வருவாங்க."

"நான் கேட்டேனா?"

"நாளைக்குக் கேள்வி வந்தா, தேடத் தெரியாத பொண்ணுன்னு என் தலைதானே சார் உருளும்?"

"போடு."

போட்டாள். பூஜ்யம்.

மேனேஜர் உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"சல்லடை போட்டுச் சலிச்சாச்சு ஐயா. தகுதியான ஆள் ஒருத்தர்கூட சிக்கலை... இல்ல, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. என்னென்ன வேணும்னு சொன்னது நான்தான்... வேற வழி? அந்தம்மா குணமாகி வர்றவரைக்கும் அவங்க இடம் அப்படியே இருக்கட்டும். கணக்கை நானே பார்த்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு, திறந்த வாய் மூடாமல் நின்றவளைப் பார்த்தார்.

"என்னம்மா முழிக்கறே? அடுத்த வாரமும் தேடச் சொல்லுவாங்க. இன்னும் நாலு 'அண்ட்' யோசிச்சு வை."