தனி மைக்

“மைக்கும் தனியா வேணுமாம், மேஜையும் இன்னும் தள்ளிப் போடணுமாம். மகாராணிக்குப் பல்லக்கு ஒண்ணுதான் பாக்கி!”

விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று தொடங்குமுன் அவன் நண்பனிடம் பொருமினான். எதிரணிக்காரி கை குலுக்கக்கூட வரவில்லை. நேற்று கேன்டீனில், சாப்பிடுமுன் அவன் மாத்திரை டப்பாவைத் திறந்ததுமே தட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி மேஜைக்குப் போனவள்.

“விடுடா, உன் பேச்சுக்குப் பயந்துட்டா.”

“மேடைக்கு வரட்டும். இன்னைக்கு அவளுக்கு இருக்கு.”

அவன் பேசத் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் இருந்தது என்னவோ அவனுக்குத்தான். விரல் நடுங்கியது. சட்டை நனைந்தது. அவனுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளியைக் கெட்டியாக்குவதோடு நிற்காமல் கணையத்திலும் கைவைக்கும் நோய். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் சில நாள் சர்க்கரை கிணற்றில் போட்ட கல்லாக இறங்கிவிடும். மிட்டாய் பையில். பை நண்பனிடம். நண்பன் கடைசி வரிசையில், கொட்டாவியில்.

நிறுத்தினால் தோல்வி. காரணம் சொன்னால் இரக்கக் கோப்பை. இரண்டும் வேண்டாம், விழுந்தாலும் பேசி முடித்துவிட்டுத்தான் விழுவது என்று மேஜையை இறுகப் பற்றினான்.

“ஆகவே, நடுவர் அவர்களே... ஆகவே... ஆகவே...”

நான்காவது ‘ஆகவே’வுக்கு முன் நெற்றியில் ஏதோ வந்து விழுந்தது. மிட்டாய். அடுத்தது மூக்கில். எதிர் மேஜையிலிருந்து அவள்தான் எறிந்துகொண்டிருந்தாள். அரங்கம் விசிலடித்தது.

“வாயில போடுங்க, அப்புறம் மொறைக்கலாம்!” என்றாள் மைக்கில். “நடுவர் ஐயா, கடிகாரத்தை நிறுத்துங்க. அவருக்குச் சர்க்கரை இறங்குது. அவர் தெளியற வரைக்கும் நானும் பேச மாட்டேன்.”

கால் மணி நேரம், நான்கு மிட்டாய். நடுக்கம் அடங்கியது. கோபம் அடங்கவில்லை.

“நாய்க்கு பிஸ்கட் போடற மாதிரி எறியறீங்க. பக்கத்துல வந்து குடுத்தா என் நோய் ஒட்டிக்குமா?” என்று அவளை நோக்கி நடந்தான்.

“அங்கேயே நில்லுங்க!” அவள் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே, அவன் சாப்பிடுமுன் போடும் அதே மாத்திரைகள்.

“எனக்கும் பிறந்ததுலேருந்து அதே நோய், அதே நடுக்கம். நம்ம ரெண்டு பேர் நுரையீரல் கிருமியும் சந்திச்சுக்கக் கூடாது, ஆறடி தள்ளியே இருக்கணும்னு உங்க டாக்டரும் சொல்லியிருப்பாரே? போங்க, பேசி முடிங்க. உங்களை நான் தோக்கடிக்கணும்.”

அவன் திரும்பிப் போய், தன் மேஜையைத் தானே இன்னும் ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டு தொடங்கினான்: “ஆகவே, நடுவர் அவர்களே!”